நந்தினி வராத அன்று கொடுத்த லேப்டாப்

காயத்ரிக்கும், அவளோடு சேர்ந்து லேப் அசிஸ்டெண்ட் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா எழுதுவது. மற்ற இருவருக்கும் நான் அப்பா இல்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி, என் வீட்டில்தான் டீ குடிக்கிறீர்கள். அதனால் ஒரே கடிதம் போதும்.

நான் பத்தாவது வரை படித்தவன். நீங்கள் கம்ப்யூட்டரில் டிகிரி வாங்கியவர்கள். மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னால் காயத்ரி சிரிப்பாள். டெல்லியிலேயே வளர்ந்ததால் தமிழ் படிப்பதில் மட்டும் நீங்கள் மூன்று பேரும் இன்னும் இரண்டாம் வகுப்பு. அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள், அவள் படித்துக் காட்டுவாள்.

அடுத்த வாரம் உங்கள் பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கொடுக்கப் போகிறார்களாம். பதினோராம் வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கு ஒன்று. கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் நீங்கள்தான் நிற்கப் போகிறீர்கள். நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய வருஷம் எங்கள் பள்ளிக்கும் அப்படி வந்தது. அந்த மேஜைக்குப் பின்னால் நின்று நான் ஒரு தப்புச் செய்தேன். அதை மட்டும் சொல்கிறேன். நான் நல்லபடியாகச் செய்த வேலைகளும் உண்டு. அவற்றால் உங்களுக்கு உபயோகம் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஜனக்புரி தாண்டி இருந்தது. காலையில் பெண் பிள்ளைகள், ஒரு மணிக்கு மேல் ஆண் பிள்ளைகள். நான் கம்ப்யூட்டர் லேபில் அட்டெண்டர். சாவி என்னிடம், ரிஜிஸ்டர் என்னிடம், துடைக்கிற துணியும் என்னிடம். லேப் முழுக்க ஒரு மேடத்தின் பொறுப்பு. அவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கு இந்த வேலையில் கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்வேன்.

லேப்டாப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே மேடம் ஒரு முறை வைத்தார். அரசாங்க உத்தரவில் அது இல்லை, அவராக வைத்தது. பெட்டியைப் பெற்றோர் கையில் கொடுக்கக் கூடாது. பிள்ளை மேஜையில் உட்கார வேண்டும். பிள்ளையே பெட்டியின் சீலைப் பிரித்து, மூடியைத் திறந்து, தன் பெயரைத் தட்டி, அந்தப் பெயர் திரையில் வந்ததைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெற்றோர் கையெழுத்து. பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்றால் பெட்டி திரும்ப அலமாரிக்குப் போக வேண்டும், யார் வந்து கேட்டாலும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிஷம் ஆகும். எதற்கு இவ்வளவு, வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று நானே கேட்டேன். முதலில் தொடுகிற கை அந்தப் பிள்ளையுடையதாக இருக்கட்டும் பையா என்று, என்னை அண்ணன் முறை வைத்து, ஹிந்தியில் சொன்னார். எனக்கு அது மேடத்தின் சின்ன வயதுப் பேச்சாகத் தெரிந்தது. சரி என்றேன்.

கொடுக்கிற நாள் வந்தது. ஹாலில் இரண்டு மேஜை. ஒன்றில் மேடம், ஒன்றில் நான். பன்னிரண்டரைக்குள் ஹாலைக் காலி செய்ய வேண்டும், பையன்கள் வந்துவிடுவார்கள் என்று பிரின்சிபல் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மின்விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வெயில். அம்மாக்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பாக்கள் டியூட்டிக்கு நேரமாகிறது என்று முன்னால் வருகிறார்கள். பீச்சே ஹட்டோ, லைன் மே ஆவோ, பின்னால் போங்கள், வரிசைக்கு வாருங்கள் என்று ஹிந்தியில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பதினொன்றரை இருக்கும். வரிசையில் ஒரு ஆள் என் முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது, கறுத்த ஒல்லி உடம்பு, செக்யூரிட்டிக்காரர்கள் போடுகிற மாதிரி நீலச் சட்டை. ஆதார் கார்டை வைத்துவிட்டு, என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, தமிழில் பேசினார்.

“அண்ணே, நந்தினியோட அப்பாண்ணே. ஏழுமலை. பாப்பாவுக்கு உடம்புக்கு முடியல, இன்னிக்கு வரல. அதோட பொட்டிய நான் வாங்கிக்கினு போறேண்ணே.”

டெல்லியில் தமிழ் கேட்பது அதிசயம் இல்லை. ஆனால் அது கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தமிழ். நான் பிறந்து வளர்ந்த பக்கம். காயத்ரியின் அம்மா மதுரை, அவள் தமிழ் வேறு. அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் என்றேன். சங்கராபுரம் பக்கம் என்றார். அவ்வளவுதான். நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். நந்தினி, பதினொன்று பி, தகப்பனார் பெயர் ஏழுமலை. கார்டிலும் அதே பெயர். எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை மட்டும்தான் இல்லை.

மேடம் மேஜையை ஒரு பார்வை பார்த்தேன். அவர் ஒரு பிள்ளைக்குப் பெயர் தட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். பெட்டியை எடுத்து ஏழுமலை கையில் வைத்து, கையெழுத்துப் போடுங்கள் தம்பி என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் யாரையும் தம்பி என்று கூப்பிட்டிருக்கவில்லை.

நாலு நாள் கழித்து நந்தினி வந்தாள். காய்ச்சலில் முகம் வாடியிருந்தது. லேப் வாசலில் நின்று, அங்கிள், என் லேப்டாப் என்றாள். அப்பா வாங்கிக்கொண்டு போய்விட்டாரே அம்மா, வீட்டில் இல்லையா என்றேன். அவள் ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னாள். கையெழுத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அங்கிள், மத்லப்… அதாவது… அவரு எங்க வீட்ல இல்ல. மூணு வருஷமா இல்ல.”

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. புராஜெக்ட் அந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும், வகுப்பில் எல்லாரும் தொடங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். பிறகு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் அங்கிள் என்றாள். அவள் அம்மா செல்வி, கோட்டிகளில், அதாவது பெரிய பங்களாக்களில், வீட்டு வேலை செய்கிறவர். ஏழுமலை குடித்துவிட்டு ஒருநாள் கை நீட்டியதால், அன்றைக்கே அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியவர். இதையெல்லாம் நந்தினி சொல்லவில்லை. அவளோடு வந்த தோழி வராந்தாவில் வைத்துச் சொன்னாள்.

நான் அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் வைத்த முறையை மீறியவன் நான். அதைவிட, ஊர்க்காரன்தானே, போய்க் கேட்டால் கொடுத்துவிடுவான், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளே, தப்பு நடந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் தப்பு இரண்டாகிறது. என் விஷயத்தில் அப்படித்தான் ஆனது.

ரிஜிஸ்டரில் பெற்றோர் எண் என்று இருந்ததற்குப் போன் அடித்தேன். மணி அடித்த உடனே எடுத்தார் ஏழுமலை. ஸ்கூலிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், “பாப்பாவுக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார். பாப்பா நன்றாக இருக்கிறாள், உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். துவாரகாவில் ஒரு ஃபிளாட் சொசைட்டி பெயரைச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் மெட்ரோ ஏறிப் போனேன். பெரிய பெரிய ஃபிளாட்டுகள். ஏழுமலை அங்கே பம்ப் ஆபரேட்டர். பேஸ்மெண்டில் பம்ப் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம், அதில்தான் குடித்தனம். சுவர் முழுக்க ஈரம். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். உயரத்தில் ஒரு பலகை அடித்து, அதன்மேல் லேப்டாப் பெட்டி. இரண்டு பாலிதீன் உறை போட்டுக் கட்டியிருந்தார், தண்ணீர் பட்டுவிடக் கூடாதென்று. சீல்கூடப் பிரிக்கவில்லை.

விற்றிருப்பான், அடகு வைத்திருப்பான் என்றெல்லாம் வழியில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஏன் தம்பி இப்படிச் செய்தாய் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பழைய போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதில் பள்ளிக்கூடத்து மெசேஜ்கள். உங்கள் மகள் நந்தினி இன்று வகுப்புக்கு வரவில்லை. உங்கள் மகள் நந்தினியின் மதிப்பெண்கள் பின்வருமாறு. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. அட்மிஷன் போட்ட நாளில் கொடுத்த எண் ரிஜிஸ்டரில் அப்படியே இருந்திருக்கிறது. அவர் வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகும் பள்ளிக்கூடம் அவருக்குத்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

“ஒம்பதாவதுல டெங்கு வந்துச்சுண்ணே அதுக்கு. பதினோரு நாளு, தெனைக்கும் காலைல ஒம்போது மணிக்கு மெசேஜ் வரும், வரலன்னு. எங்க போயி யார கேப்பேன்? பன்னண்டாம் நாளு மெசேஜ் வரல. அப்பதான் சோறு எறங்குச்சு. மறுநாளு ஸ்கூல் கேட்டுக்கு எதுத்தாப்புல நின்னேன். பையத் தூக்கிக்கினு போச்சு. பாத்துட்டு வந்துட்டேன்.”

லேப்டாப் கொடுக்கிறார்கள் என்ற மெசேஜும் அவருக்குத்தான் வந்தது. அன்று காலையில் வரவில்லை என்ற மெசேஜும் வந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் வாங்கிவிடும், பாப்பாவுக்கு மட்டும் இல்லாமல் போய்விடுமோ என்று ஓடி வந்தாராம். வாங்கிய பிறகு யோசனை மாறிவிட்டதாம். இது நம்மிடம் இருந்தால் பிள்ளை ஒருநாள் இதற்காகவாவது வரும். நான் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அதைத் தன் கண்ணால் பார்க்கும். ஐந்து நிமிஷம் போதும். என் கையால் கொடுத்து அனுப்பிவிடுவேன். அதை மட்டும் பாப்பாவிடம் சொல்லுங்கள் அண்ணே என்றார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நான் அந்தத் தமிழைக் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்தேன். சொல்கிறேன் தம்பி என்று எழுந்து வந்தேன்.

பெட்டி பலகை மேலேயே இருந்தது.

இதுதான் என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரியது. திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார்ந்து, ஒரு குடும்பத்தை ஒட்டவைக்கப் போகிறேன் என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை நந்தினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பா மாறிவிட்டார் அம்மா, ஐந்து நிமிஷம் போய்விட்டு வா, நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நகத்தால் மேஜையின் ஓரத்தைச் சுரண்டினாள். “சரி அங்கிள், போறேன்” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. அட்டென்டன்ஸ் எடுக்கும்போது பிள்ளைகள் யெஸ் மேடம் என்பார்களே, அப்படி இருந்தது.

விஷயம் முடிந்தது என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் மேடத்திடம் போய் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். மேடம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அவர் கோபப்பட்டால் குரல் இறங்கிவிடும்.

“அவளுடைய பொருளை நீங்கள் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தீர்கள் பையா. இப்போது அதை வாங்கிவர அவளையே அனுப்புகிறீர்கள். அவள் தன் அப்பாவைப் பார்க்க ஆசைப்பட்டால் வெறுங்கையோடு போகட்டும், வெறுங்கையோடு வரட்டும். லேப்டாப்புக்காகப் போகக் கூடாது.”

ஹிந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். அதில் இருந்த கூர்மை இதில் வரவில்லை. அவர் பேசியபோதுதான் நந்தினி சொன்ன அந்த “சரி” எனக்குத் திரும்பக் காதில் விழுந்தது. போனால் அம்மாவுக்குத் துரோகம், போகாவிட்டால் புராஜெக்ட் இல்லை. அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையை நான் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். நிறுத்திவிட்டு, நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மெஷின் சரிபார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாததற்குப் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதினால் பெட்டி வந்துவிடும். பெட்டியோடு, அப்பா மேல் போலீஸ் கேஸ் என்கிற பேச்சும் அந்தப் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும். வியாழக்கிழமை வரை பாருங்கள், இல்லையென்றால் நான் போலீசுக்குக் கடிதம் எழுதுவேன், முதல் வரியில் உங்கள் தப்பை எழுதுவேன் என்றார் மேடம். அது நியாயம்.

முதலில் நந்தினியிடம் போனேன். நீ போக வேண்டாம் அம்மா, நான் கேட்டதே தப்பு, மன்னித்துவிடு என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “அச்சா” என்று மட்டும் சொன்னாள். ஆனால் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பத் துவாரகா. ஏழுமலை என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. முகம் விழுந்துவிட்டது.

அன்றைக்கு நான் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உட்காரவும் இல்லை.

“பாப்பா வரலியா?”

“வராது. நான்தான் வர வேணாம்னேன். ஏழுமலை, இந்தப் பொட்டி ஒன்னோடது இல்ல, என்னோடதும் இல்ல. அதோட பொருளு. அது இல்லாதப்ப நான் ஒன் கையில குடுத்தது தப்பு. அத திருப்பிக் கேக்க வந்துருக்கேன். அது வருமா வராதாங்கறத இந்தப் பொட்டியோட சேத்துக் கட்டாத.”

“போலீசுக்கு சொல்லிடுவீங்களா?”

“சொல்லணும்னா மொதல்ல என் பேரத்தான் எழுதணும்.”

பக்கத்து அறையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் அதை நிறுத்திவிட்டு வந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார். பாலிதீன் உறையை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வாங்கிக்கொண்டு போய்விடலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆனால் அப்படிச் செய்தால் அது ஏமாற்று. பெட்டி இன்னும் அவர் கையில் இருக்கும்போதே சொன்னேன். ரிஜிஸ்டரில் இருக்கிற போன் எண்ணை மாற்ற வேண்டியிருக்கும் தம்பி, பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவர் எண்தான் இருக்க வேண்டும், அம்மாவைக் கூப்பிட்டு மாற்றப் போகிறேன் என்றேன்.

அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“பொட்டிய எடுத்துக்கினு போங்கண்ணே. வேணாங்கல. அந்த நம்பர மட்டும் மாத்தாதீங்கண்ணே. அதுல வர்றது மட்டும்தான் எனக்கு இருக்குது.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதே தமிழ்தான். சரி தம்பி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை வருஷம் யார் கவனித்தார்கள்? ஆனால் அந்தப் பெட்டி விஷயத்திலும் நான் இப்படித்தான், எனக்குச் சொந்தமில்லாததை என் இரக்கத்துக்காக எடுத்துக் கொடுத்தேன். அது நான் முடிவு பண்ணுகிற விஷயம் இல்லை ஏழுமலை, பாப்பாவிடமும் அதன் அம்மாவிடமும் உள்ளது உள்ளபடி சொல்வேன், நீ சொன்னதையும் சொல்வேன் என்றேன்.

கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். பெட்டியைத் தன் துண்டால் ஒரு தடவை துடைத்து என் கையில் வைத்தார். மெட்ரோ ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தார். படியில் ஏறும்போது, கூட்டத்தில் இடித்துவிடப் போகிறார்கள், மார்போடு பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

வியாழக்கிழமை காலையில் செல்வி வந்தார். அம்மாவிடம் நான் சொல்லப் போகிறேன் என்று நந்தினியிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன், அவளும் சரி என்றிருந்தாள். இந்தத் தடவை அந்தச் சரியில் குரல் இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்ததால் செல்வி உட்காரவில்லை. நான் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். கள்ளக்குறிச்சித் தமிழ் கேட்டு மனசு இளகிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தமிழ் பேசுனா குடுத்துடுவீங்களா? நானும் அதே ஊருதான். அஞ்சு வருஷமா இந்த ஸ்கூலுக்கு மீட்டிங்குக்கு வர்றேன். இந்தக் கதவாண்ட நின்னு உங்ககிட்டயே வழி கேட்டுருக்கேன், ஹிந்தில. நீங்களும் ஹிந்திலயே கைய காட்டுனீங்க. எந்த ஊருன்னு என்ன ஒரு வாட்டி கேட்டீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடத்துக்குத் தமிழ் புரியாது. ஆனால் நான் திட்டு வாங்குகிறேன் என்பது புரிந்தது. அவர் தடுக்கவில்லை.

பிறகு மேடம் நந்தினியை உட்கார வைத்தார். எல்லாப் பிள்ளைக்கும் செய்தது போலத்தான். அவளே சீலைப் பிரித்தாள். மூடியைத் திறந்தாள். பெயரைத் தட்டினாள். திரையில் நந்தினி என்று வந்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் லேட்டானால் நான் வேலை செய்கிற சி பிளாக் வீட்டு மேடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும், சீக்கிரம் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டுங்கள் என்றார்.

போன் எண் மாற்றுகிற படிவத்தை எடுத்தேன். அப்போது மெசேஜ் விஷயத்தைச் சொன்னேன். இத்தனை வருஷமும் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் இப்படிக் கேட்டார் என்று.

“டெங்கு வந்தப்பவுமா?” என்றார் செல்வி.

“ஆமாம்மா. பதினோரு நாளும்.”

அவர் படிவத்தின் பக்கம் திரும்பினார். முதல் கட்டத்தில் தன் எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன், படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இரண்டாவது எண், விருப்பம் இருந்தால். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஊட்டுக்குள்ள விட மாட்டேன். அதுல ஒண்ணும் மாறல,” என்றார் செல்வி. பேச்சு என்னிடம், பார்வை நந்தினி மேல். “போன்ல மெசேஜ் போறது இவ இஷ்டம். அது ஊட்டுக்குள்ள வராது.” சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

நந்தினி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“மார்க்கும் போகுமா அங்கிள்?”

“போகும்.”

“மேத்ஸும்?”

“அதுவும்தான்.”

யோசித்தாள். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எதையோ தேடுவது மாதிரி அலமாரிக்குப் போனேன். பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். அந்த மேஜைக்குப் பின்னால் நிற்கும்போது எல்லார் மேலும் இரக்கம் வரும். வரட்டும். ஆனால் இரக்கப்பட்டுக் கொடுக்கும்போது அது உங்கள் பொருள்தானா என்று ஒரு தடவை பாருங்கள். பிள்ளையின் பொருளைப் பிள்ளைதான் கொடுக்க வேண்டும்.

நான் திரும்பி வந்தபோது இரண்டாவது கட்டத்தில் பத்து எண்கள் இருந்தன. அம்மாவைக் கேட்கவில்லை, போனைப் பார்க்கவில்லை, பழைய ரிஜிஸ்டர் என் அலமாரியில் மூடிக் கிடந்தது. நான் அதை எடுத்துவந்து, அதில் இருந்த ஏழுமலையின் எண்ணோடு ஒத்துப் பார்த்தேன். ஒத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு எண்கூடத் தப்பில்லை.